நாலு பேர் ஒரே நேரத்தில் குதிக்கப் பழகியது

1

“…ஊடு வேணாம் எண்டு நான் செல்லல்ல, வாப்பா. ஊட்டோட வாற மாப்புளதான் வேணாம்.”

பேச்சின் முன்பாதியை எஞ்சின் விழுங்கிவிட்டது. பின்பாதியை என் மகள் ஸஹ்லா, என்னுடைய ஹெல்மெட்டின் காதுமடலைத் தூக்கிப் பிடித்துக் காதுக்குள்ளேயே கத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு மடலை விட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன விமானம். நிந்தவூர்ச் சந்தியில் நிற்கிற ஓட்டோக்களில் இரண்டைச் சேர்த்து ஒட்டினால் எவ்வளவோ அவ்வளவு. விமானியின் ஆசனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். வெறுந்தரையில் நாலு பேர், முதுகில் பரசூட் மூட்டையோடு, ஒருவருடைய முழங்கால் அடுத்தவருடைய முழங்காலுக்குள் செருகியபடி குந்தியிருக்கிறோம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடிய பஸ்ஸில் முன்பு ஒரு கொண்டக்டர் இருந்தார். சனம் பிதுங்கி வழியும்போதுதான் அவருக்கு உற்சாகம் வரும். “உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குக் கடல் போலக் கிடக்கு!” என்பார். அந்த மனிசனை ஒருநாள் இதில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

நாங்கள் அப்போது மூவாயிரம் அடியில் இருந்தோம். பத்தாயிரத்தில்தான் கதவு திறக்கும். அதற்கு இன்னும் இருபது நிமிஷமாவது ஏற வேண்டும். மகள் இடத்தைத் தெரிந்தே தெரிவு செய்திருக்கிறாள். தரையில் வைத்துச் சொல்லியிருந்தால், “இரி மகள், அந்தச் சிவப்புப் பரசூட்ட மடிச்சிப்போட்டு வாறன்” என்று எழும்பிப் போயிருப்பேன். காரில் சொல்லியிருந்தால் வானொலியைத் திருகியிருப்பேன். தொலைபேசியில் என்றால் சிக்னல் இல்லை என்றிருப்பேன். இந்த இரண்டு மாதத்தில் மூன்றையும் செய்தவன்தான். இங்கே எழும்ப ஏலாது, தலை இடிக்கும்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை தூதரகத்தில் நான் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும். நிந்தவூரில் நான் கட்டிய வீட்டை ஸஹ்லாவின் பேருக்கு எழுதிக் கொடுக்க ஊரிலுள்ள ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கிற கடிதம் அது. வீட்டு எழுத்து முடிந்தால் அடுத்த கிழமையே கல்யாணத்துக்கு நாள் வைப்பார்கள். மாப்பிள்ளை ரிஸ்வி, என் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தாவின் மகன். கையெழுத்து விழுந்தால் கொடுத்த சொல்லும் உறுதியாகிவிடும். பிறகு மகளுக்குப் பின்வாங்க இடமில்லை.

காதுமடல் மறுபடி உயர்ந்தது.

“ரிஸ்வி எனக்குக் கூடப் பொறந்தவன் போல, வாப்பா. ஒரே பீங்கான்ல திண்ட நாங்க. அவன்ட மூக்க நான் துடச்சி உட்டிரிக்கன். நெனைக்கவே ஒருமாதிரி இரிக்கி.”

நான் மணிக்கட்டில் கட்டியிருந்த உயரமானியைத் துடைக்கத் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் குந்தியிருந்த எங்கள் பயிற்சியாளர் டெனிஸ், மகள் எனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

2

கல்முனை பஸாரில் நான் தையல்காரன். பாடசாலைச் சீருடை, கலியாணக் கோட்டு, பள்ளிவாசல் திரைச்சீலை, எது வந்தாலும் தைத்தேன். ஸஹ்லாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவளுடைய உம்மா நோயில் வபாத்தானார். அந்த வருஷமே, அவுஸ்திரேலியாவில் லொறிக்கு மூடுகிற படங்கு தைக்கிற ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு ஊர். கடலுக்குப் போக ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டும். விசாவில் நிபந்தனை போட்டிருந்தார்கள்: இந்த ஊர்தான், இந்த முதலாளிதான். மாறினால் விசா முடிந்துவிடும். பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றாலும் அந்த ஊரில் இருந்தபடியேதான் கூப்பிட வேண்டும்.

ஆறு வருஷம் அப்படி இருந்தேன். பிறகு எங்கேயும் போகலாம் என்று கடிதம் வந்தது. நான் போகவில்லை. எங்கள் வளவில் ஒரு ஆடு நின்றது. கயிறு அவிழ்ந்து கிடந்தாலும் அது தெரியாமல், அதே வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி மேயும். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய விமானத் திடல். சனி ஞாயிறுகளில் அங்கே வானத்திலிருந்து ஆட்கள் குதிப்பார்கள். ஒருநாள் கிழிந்த ஒரு உடுப்பைத் தைக்கக் கொண்டுவந்தார்கள். அடுத்த கிழமை இன்னும் நாலு. பிறகு பரசூட் மடிக்கப் பழக்கினார்கள். கம்பளத்தில் முழங்காலில் நின்று, நெஞ்சால் காற்றை அமுக்கி வெளியேற்றி, சீலையை மடித்து மடித்துப் பைக்குள் போடுகிற வேலை. தையல்காரனுக்குச் சீலையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. என் பேரின் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு ‘லெவ்’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கரோல் என்று ஒரு பெண்மணி, பாடசாலை பஸ் ஓட்டுபவர், நான் எதைக் கேட்டாலும் “ஓம், ஓம்” என்பதைப் பார்த்து, இந்த ஆள் தியானத்தில் இருக்கிறார் என்று நினைத்து ஒரு மாதம் முழுக்க என்னோடு மெல்லிய குரலில் கதைத்தார்.

ஸஹ்லா வந்து சேர்ந்து இந்தக் கிழமையோடு பதினாலு வருஷம். ஒன்பது வயதுப் பிள்ளை. இடையில் ஆறு வருஷமும் அவளை வளர்த்தது என் ராத்தா. அவளுக்கு அது மாமி வீடு அல்ல, அதுதான் வீடு. இங்கே வந்த முதல் மாதம் ஒவ்வொரு பின்னேரமும் வாசலில் நின்று, “மாமி எப்ப வருவா?” என்று கேட்பாள். என்னை வாப்பா என்று கூப்பிட அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. அதுவரை “அந்தா அவங்க” தான்.

இப்போது இருபத்துமூன்று வயது. நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. அவளுடைய இங்கிலீஷ் வளர்ந்து பெரிய மனுஷியாகிவிட்டது. தமிழ் மட்டும் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. ராத்தாவின் வாயிலிருந்து எடுத்து வைத்த தமிழ், கெடாமல் அப்படியே இருக்கிறது. கோபம் வந்தால் என் ராத்தா என் முன்னால் வந்து நிற்பது போலத்தான் இருக்கும்.

பதினெட்டு வயதில் குதிக்கத் தொடங்கினாள். நான் தடுத்துப் பார்த்தேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்:

“நீங்க மடிச்ச பரசூட்ட நம்பி ஊரெல்லாம் குதிக்கிது. நீங்க மட்டும் கீழ நிண்டு அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறீங்க. உங்கட மடிப்புல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா வாப்பா?”

டெனிஸ் அர்த்தம் கேட்டார். அவள் மொழிபெயர்த்தாள். அவர்கள் சிரித்த சிரிப்பில் நான் படிவத்தை நிரப்பினேன். ஐம்பத்தொரு வயதில்.

உண்மையான காரணம் வேறு. அவள் வீட்டுக்கு வருவது சனிக்கிழமை மட்டும். வந்ததும் திடலுக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க வானத்தில் இருப்பாள். மத்தியானச் சோற்று நேரம்தான் எனக்கு. அவளுடைய கூட்டத்தில் நானும் ஒருவனானால் ஒவ்வொரு ஏற்றத்திலும் அரைமணி நேரம் எதிரே குந்தியிருக்கலாம். மகளைக் கண்ணால் காண்பதற்காகப் பத்தாயிரம் அடிக்குப் போகிற தகப்பன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

3

தனியாகக் குதிப்பது பெரிய வித்தையல்ல. கதவைத் தாண்டினால் பூமி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். நாலு பேர் ஒருவரையொருவர் பிடித்தபடி, ஒரே உருவமாக வெளியே போவதுதான் வித்தை. அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு.

கொட்டகையின் பக்கத்தில் ஒரு பழைய விமானத்தின் பாதி உடலை நட்டு வைத்திருக்கிறார்கள். கதவு, காலடி வைக்கும் தட்டு, இறக்கையைத் தாங்கும் சாய்கம்பி, எல்லாம் உண்டு. பறக்க மட்டும் மாட்டாது. மேலே ஒரு முறை செய்வதற்கு முன்னால் கீழே இதில் இருபது முறை செய்ய வேண்டும். சாய்கம்பியின் வெளி ஓரத்தில் தொங்குகிறவன் நான். எனக்கு அடுத்து கரோல். கதவு வாசலில், கால் பாதி வெளியே பாதி உள்ளே, ஸஹ்லா. அவளுக்குப் பின்னால் உள்ளே குந்தியபடி, அவளுடைய உடுப்பில் தைத்த பிடியைப் பற்றிக்கொண்டு டெனிஸ். முதலில் வெளியே போக வேண்டியவன் நான்தான். நான் போகாவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் வழியில்லை.

புதியவர்கள் எல்லோரும் பூமியைப் பார்த்துக் குதிப்பார்கள். அது பிழை. விமானம் ஓடிக்கொண்டிருப்பதால் காற்று முன்னாலிருந்துதான் வருகிறது. கம்பியை விடும்போது நெஞ்சை அந்தக் காற்றுக்குக் காட்ட வேண்டும், கட்டிலில் படுப்பது போல அதில் சாய வேண்டும். நாலு பேரும் ஒரே கணத்தில் சாய்ந்தால் உருவம் பூப்போலத் தட்டையாக நிற்கும். ஒருவன் அரை விநாடி பிந்தினாலும் போதும். பிடித்திருக்கிற கையே மற்றவர்களை இழுத்துக் கவிழ்த்துவிடும். நாலு பேரும் ஒரு குவியலாக, யாருடைய கால் யாருடைய முகத்தில் என்று தெரியாமல் உருளுவோம்.

எண்ணுவது ஸஹ்லா. அதற்கு முன்னால் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்ப்பாள். பார்த்தவுடன் தலையாட்ட வேண்டும். டெனிஸுக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. எழுபது வயதைத் தாண்டியவர், வாலிபத்தில் ஆட்டு ரோமம் வெட்டித் திரிந்தவர். “மூன்று பேர் தலையாட்டி ஒருவர் சும்மா இருந்தால் விடை ‘இல்லை’ என்பதுதான். பேசாமல் இருப்பவர் தயாராக இல்லை. ஏன் என்று கேட்கவும் கூடாது. எல்லோரும் விமானத்திலேயே கீழே வரலாம்” என்பார்.

தலையாட்டுவதில் எனக்குக் குறையில்லை. பிந்துவதுதான் குறை. நாலு பேராக ஆறு குதிப்பு, ஆறு குவியல். ஒருமுறை கரோலின் சப்பாத்து என் தாடையைத் தொட்டுச் சலாம் சொல்லிவிட்டுப் போனது. கரோலின் ஹெல்மெட்டில் கமரா பூட்டி, கீழே வந்து எல்லோரும் போட்டுப் பார்த்தோம்.

“வாப்பா, உங்கட வாயப் பாருங்க. நான் ‘கோ’ எண்டதுக்குப் பொறவு நீங்க என்னவோ செல்றீங்க.”

“நான் ஒண்டும் செல்லல்ல மகள்.”

“செல்றீங்க. இந்தா, திருப்பிப் போடுறன் பாருங்க. வாய் திறக்கிது, மூடுது, பொறவுதான் கைய உடுறீங்க.”

டெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். “லெவ், நீ யாருக்குப் பதில் சொல்கிறாய்?” என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நிந்தவூர்க் கடற்கரையில் தோணி தள்ளியவர்களுக்கு இது விளங்கும். கரைவலைத் தோணியை அலைக்குள் இறக்க, தையல்காரன் என்ன, ஆசிரியர் என்ன, அந்த வழியால் போகிற எல்லோரும் தோள் கொடுப்போம். ஒருவர் முன்னால் நின்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத் தோணி அசையாது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து “ஏலோ!” என்று பதில் சொல்வோம் பாருங்கள், பலம் அந்தப் பதிலில்தான் வரும். குரலோடு தள்ளுகிறவனை, “ஆருடா அவன், தனியாக் கடலுக்குப் போறவன்?” என்று ஏசுவார்கள். இருபது வருஷம் கழித்தும் என் உடம்பு பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறது.

இதைக் கேட்டு ஸஹ்லா தரையில் குந்திவிட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல். பிறகு மூன்று சனிக்கிழமை அந்தப் பாதி விமானத்தின் கதவில் வைத்து என் வாயை மூடவைத்தாள். வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைப் போட்டு, “கடிச்சிட்டு நில்லுங்க, நான் ‘கோ’ எண்டாத் துப்பாம உடுங்க” என்றாள். அதற்கும் டெனிஸ் கட்டைவிரலைத்தான் உயர்த்தினார்.

4

வீட்டைப் பற்றி ஊரார் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெண் பிள்ளை பிறந்தால் அடுத்த நாளே அத்திவாரத்தை நினைக்கிற சனம் நாம். பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். இதை ஒருநாள் பரசூட் மடித்தபடி கரோலுக்குச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “எனக்கு மூன்று பையன்கள், ஒருவரும் வீட்டை விட்டுப் போகிறதாகத் தெரியவில்லை. உங்கள் ஊருக்கு அனுப்பட்டுமா?” என்றார்.

அந்த வீட்டை நான் தொலைபேசியில்தான் கட்டினேன். மேசன்மார் வராத நாளில் அவர்களுடைய வீட்டு வாசலுக்கே போய் நின்றது ராத்தா. வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்தது ராத்தா. படம் பிடித்து அனுப்புவார். பாதிப் படத்தில் அவருடைய விரல் இருக்கும். “தம்பி, சமையலறைக்கு ஜன்னல் பெரிசா வெச்சிரிக்கன். ஸஹ்லாக்குப் புகை ஏலாதே, சின்னதுல இருமி இருமித் திரிஞ்சவள்” என்பார். ஒரு இரவும் நான் அதில் தூங்கியதில்லை. ஸஹ்லா அதைக் கண்டதே இல்லை.

நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை ராத்தா தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, ரிஸ்விக்கு ஒலுவில் கம்பஸ்ல வேலை நிரந்தரமாயிட்டு. நான் வளத்த புள்ள எனக்கே மருமகளா வந்தா, நான் கண்ண மூடினாலும் கவலையில்ல. புள்ளட்ட ஒருக்காக் கேட்டுப் பாரு.”

நான் அன்றே ஸஹ்லாவைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு மணி இரண்டு முறை அடித்தது. “யோசி மகள்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் ராத்தா கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“ஒண்டும் செல்லல்ல ராத்தா. பேசாம இரிந்தா.”

“அல்ஹம்துலில்லாஹ்! குமர்ப்புள்ள வேற என்னத்தச் செல்லும்? பேசாம இரிந்தா ஓம்தானே. என்னட்ட வாப்பா கேக்கக்குள்ள நான் என்ன செல்லிக் கிழிச்ச? அடுப்பப் பாத்துட்டு நிண்ட.”

நம் வழக்கம் அதுதான். பெண்ணிடம் கேட்பார்கள், அவள் தலையைக் குனிந்து நிற்பாள், கேட்டவர் வெளியே வந்து “சம்மதம்” என்பார். என் மனைவியிடமும் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் அங்கே கேட்கிறவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார். நான் தொலைபேசியில் கேட்டேன். என் மகளின் மௌனம் எந்த வகை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான், “ஓம் ராத்தா” என்றேன். பின்னேரமே ராத்தா இனிப்புத் தொதல் கிண்டித் தெருவெல்லாம் கொடுத்துவிட்டார்.

ஆறு வருஷம் என் பிள்ளைக்குத் தலைவாரிவிட்ட கை கேட்கிறபோது, இல்லை என்ற சொல் என் வாயில் எங்கே இருக்கும் சொல்லுங்கள்?

அதற்குப் பிறகு கடதாசி வேலை. காணிக்காரர் நெடுங்காலம் வெளிநாட்டில் என்பதால் அவர் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று, உறுதி எழுதுகிற நொத்தாரிசு ஊரிலிருந்து எழுதினார். இங்கே அரசாங்கக் கந்தோரில் கேட்டால், “இறந்ததற்குத்தான் எங்களிடம் படிவம் உண்டு, இருப்பதற்கு இல்லை” என்றார்கள். கடைசியில் சமாதான நீதவான் ஒருவர் என்னை எழும்பி நிற்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘இவர் என் முன்னால் உயிரோடு நின்றார்’ என்று எழுதி முத்திரை குத்தினார். அதே கிழமை திடலில், ‘நான் இறந்தால் யாரும் பொறுப்பல்ல’ என்ற வருடாந்தப் படிவத்திலும் ஒப்பமிட்டேன். இரண்டும் ஒரே உறையில்தான் என் காரில் கிடந்தன. இரண்டும் உண்மைதான் என்று அப்போது தோன்றியது.

5

எட்டாயிரம் அடி. மூச்சில் குளிர் தெரிந்தது. டெனிஸ் எங்களை நோக்கிக் கையை நீட்டினார். வழக்கம்போல நாலு பேரும் கையை அடுக்கித் தட்டினோம். ஸஹ்லாவின் கை என் கைக்கு மேலே விழுந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி நான்தான் என்பது போலக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அறுத்து முடித்த வயல்கள். சாகாமத்து வயல்களைப் போல வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை, ஒரே துண்டாகத் தொடுவானம் வரை போகிறது. இவ்வளவு வெட்டவெளியை வைத்துக்கொண்டு மனுஷனுக்கு மூச்சுத் திணறுகிறதே என்று நினைத்தேன்.

மனசுக்குள் ராத்தாவுக்கு ஒவ்வொரு வசனமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘ராத்தா, புள்ளக்கு விருப்பமில்லையாம்.’ ‘அண்டைக்கு ஓம் எண்டியே?’ அதோடு நின்றுவிடும். கையெழுத்தை வைத்துவிட்டால் மகளை இழப்பேன். வைக்காவிட்டால் ராத்தாவை. வைக்காமல் இழுத்தடித்தால் இரண்டு பேரையும். இடது பக்கம் விமானியின் முதுகு, வலது பக்கம் கதவு, முன்னால் மகளின் முழங்கால். ஏலாது, ஏலாது என்று எஞ்சினும் அதையே சொல்வது போல இருந்தது.

பத்தாயிரம். விமானி ஏதோ கத்தி, எஞ்சினைத் தணித்தார். டெனிஸ் கைநீட்டிக் கைப்பிடியைத் திருக, கதவு மேலே எழும்பி இறக்கையின் அடியில் ஒட்டிக்கொண்டது. காற்று உள்ளே புகுந்து உடுப்பையெல்லாம் படபடக்க வைத்தது.

முதலில் நான். தட்டில் காலை வைத்து, கம்பியைப் பிடித்து, ஓரத்துக்கு நகர வேண்டும். முழங்காலில் வாசல்வரை போனேன். கையை நீட்டினால் கம்பி. நீட்டவில்லை.

பின்னால் கரோல் என் தோளைத் தட்டினார். நான் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் அடைபட்டு நிற்கிறார்கள். வழியை அடைத்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறேன். பயமில்லை என்று சத்தியம் செய்வேன். நூறு முறைக்கு மேல் இந்த வாசலைத் தாண்டியவன். கையை நீட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி டெனிஸைப் பார்த்துத் தலையை இரு பக்கமும் அசைத்தேன்.

அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. உள்ளங்கையைக் காட்டி, பின்னால் வா என்று சைகை செய்தார். நான் உள்ளே ஊர்ந்து, கரோலுடைய கால்களுக்கு மேலால் ஏறி, விமானியின் முதுகோடு போய் ஒடுங்கினேன். டெனிஸ் கரோலைப் பார்த்தார், கரோல் தலையாட்டினார். பிறகு ஸஹ்லாவைப் பார்த்தார். மூன்று பேராகப் போகலாம், அதற்கும் உருவம் உண்டு. ஸஹ்லா தலையாட்டவில்லை. டெனிஸ் அவளுடைய தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவரும் கரோலும் கைகோத்துக் கதவைத் தாண்டினார்கள். ஒரு கணம் இரண்டு ஹெல்மெட் தெரிந்தது. பிறகு ஒன்றுமில்லை.

விமானி திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். எஞ்சின் தணிந்திருந்ததால் காற்றின் இரைச்சல் மட்டும்தான். நான் வாயைத் திறந்தேன்.

“உன்ட மாமிட்ட நான்தான் ஓம் எண்டிட்டன்! நீ பேசாம இரிந்தாய் எண்டு, நான்தான் ஓம் எண்டிட்டன், மகள்!”

அவளுக்குக் கேட்டது. முகத்தில் தெரிந்தது.

“இல்ல எண்டுதான் நீ பேசாம இரிக்காய் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் செஞ்ச. திங்கக்கெழம நான் கையெழுத்து வெக்க மாட்டன்! ஆனா ராத்தாட்டச் செல்ல என்னால ஏலாது. அந்த வாய் எனக்கில்ல. சின்னதுல இரிந்தே இல்ல.”

சொல்லி முடித்து, விமானியின் முதுகோடு இன்னும் ஒடுங்கிக்கொண்டேன்.

ஸஹ்லா வாசலில் முழங்காலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். காற்று அவளுடைய கன்னத்தை ஒரு பக்கமாக அமுக்கியது. பாய்ந்துவிடுவாளோ என்று நினைத்தேன். டெனிஸும் கரோலும் போன அதே வழி திறந்தேதான் கிடந்தது, அவளுடைய முதுகில் என் கையால் மடித்த பரசூட் இருந்தது.

அவள் கையை வெளியே நீட்டி, இறக்கையில் ஒட்டியிருந்த கதவை எட்டிப் பிடித்து இழுத்துச் சாத்தினாள். கைப்பிடியைத் திருகினாள். ஊர்ந்து வந்து என் எதிரே சப்பாணி கட்டிக் குந்தி, தரையில் கிடந்த பெல்ட்டை எடுத்து முதலில் எனக்கு மாட்டிவிட்டு, பிறகு தனக்கு மாட்டினாள். கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தாள். தொலைபேசியின் அந்தப் பக்கம் இருக்கிற ராத்தா நான்தான் என்பது போல என் முகத்தை நேரே பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அஸ்ஸலாமு அலைக்கும் மாமி, ஸஹ்லா கதைக்கிறன்” என்று தொடங்கினாள்.